ஆண் பிள்ளை தங்காத குடும்பம் என்கிறார்கள், எனக்கு ஏழாம் மாதம்

பெர்ஜுந்தாய் மகள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். பெயரை மாற்றிப் பல வருஷம் ஆகிறது, வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்கிறோம். எனக்கு இது முதல் பிள்ளை, ஏழாம் மாதம். ஸ்கேனில் ஆண் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலமே மாமியார் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது: "அவள் பாட்டி வழியில் ஆண் தங்காதே, கடவுள்தான் காப்பாற்றணும்." அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அம்மாவைப் பெற்ற பாட்டி 1935-ல் பிறந்தவர். பதினாறு வயதில் கல்யாணம். ஊரைச் சுற்றி இப்போது செம்பனை நிற்கிற இடமெல்லாம் அப்போது ரப்பர். அதில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். எட்டுப் பிள்ளை பெற்றார். ஐந்து ஆண், மூன்று பெண். பெண்கள் மூவரும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள்: பெரியம்மா, என் அம்மா, சித்தி. ஆண்களில் மூன்று பேர் பிறந்த பத்து நாளுக்குள் போய்விட்டார்கள். நான்காவது பையன் ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கில் போனான்.

கடைசியாகப் பிறந்தவர்தான் மாமா. அவரை எப்படியாவது தங்க வைக்கவேண்டும் என்று மூக்குக் குத்தினார்கள், "பிச்சை" என்று கூப்பிட்டார்கள், பக்கத்து லயத்தில் இருந்த ஒரு ஆயாவிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்று மறுநாள் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். மாமாவுக்கு அறுபது நெருங்குகிறது. இடது மூக்கில் அந்தத் துளையின் தழும்பு இப்போதும் தெரியும்.

பாட்டியிடம் ஒரு வெள்ளி அரைஞாண் இருந்தது. மூத்தவன் பிறந்தபோது தாத்தா செய்யச் சொன்னது. பதினாறாம் நாள் கட்டுவதற்காக. முதல் மூன்று பேருக்கு அந்தப் பதினாறாம் நாள் வரவே இல்லை. நான்காவது பையன் இடுப்பில் ஒன்றரை வருஷம் கிடந்தது. அவன் போனபோது கொக்கி கழலாமல் ஒரு கண்ணியை வெட்டித்தான் எடுத்தார்களாம். பிறகு மாமாவுக்காக ஆசாரி அந்த இடத்தில் வேறொரு கண்ணி வைத்துப் பற்றவைத்தார். அது மட்டும் செம்பு. சின்ன வயதில் அந்தச் செம்புக் கண்ணியை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன், கதை தெரியாமல்.

பாட்டியைக் கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்க விடமாட்டார்கள். "அவள் வயிறு ஆணைத் தின்னும்" என்று சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் நாங்கள் இரண்டு பெண்கள்தான், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். ஆண் குழந்தைகள் இயல்பாகவே அதிகம் இறப்பது உண்மையா, இல்லை எங்கள் குடும்பத்தில் மட்டும் ஏதாவது இருக்கிறதா? கிளினிக்கில் நான் என்ன சொல்லவேண்டும்? அம்மா சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த மூன்று பேரும் நன்றாகத்தான் பிறந்தார்களாம். மூன்றாம் நாள் வாக்கில் உடம்பு மஞ்சள் பூக்குமாம். பால் குடிப்பது குறையுமாம். அப்புறம் கீச்சென்று அழுது, தலையும் முதுகும் பின்னால் வளையுமாம். செவ்வாப்பு, தோஷம் என்று மந்திரித்தார்களாம்.

காப்பார் ராணி:

தங்கச்சி, மனசைத் தளரவிடாதே. பத்துமலையில் வேண்டிக்கொள், நானும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்திலும் இப்படித் தவிட்டுக்கு விற்ற பிள்ளைகள் மூன்று பேர் உண்டு. ஒருவர் பெயர் ஐ.சி.யிலேயே (அடையாள அட்டை) தவிடன் என்றிருக்கும். நேரில் பார்த்து விவரம் சொல்ல யாராவது மிஸ்ஸி (நர்ஸ்) இருந்தால் எழுதுங்களேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

நான் எழுதுகிறேன். 34 வருஷம் அரசாங்க கிளினிக்குகளில் மிஸ்ஸியாக இருந்தவள். அதில் பாதி வருஷம் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து வந்தவள். நீ என் மகள் வயசு, அதனால் நீ வா என்றே எழுதுகிறேன் மா.

முதலில் உன் முதல் கேள்வி. ஆமாம், ஆண் குழந்தை கொஞ்சம் நோஞ்சான்தான். உலகத்தில் 100 பெண் பிறக்கிற நேரத்தில் ஏறக்குறைய 105 ஆண் பிறக்கிறது. முதல் வருஷத்தில் இறப்பதும் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஆண்தான் அதிகம். மாதம் முந்திப் பிறப்பதும் ஆண்களில் கூடுதல். முந்திப் பிறந்த ஆணுக்கு நுரையீரல் முதிர்வதும் பெண்ணைவிடப் பின்தங்கும். நுரையீரலில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பொருள் ஊறவேண்டும். அது பெண் குழந்தைக்குச் சற்று முன்னாலேயே ஊற ஆரம்பிக்கும். வார்டில் எட்டு மாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், விலா எலும்பு உள்வாங்க மூச்சுக்குத் திணறுவது அநேகமாக ஆணாக இருக்கும். எதிர்ப்புச் சக்தியிலும் பெண்ணுக்கு ஒரு சாதகம் உண்டு என்று டாக்டர்கள் சொல்வார்கள். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் பழுது இருந்தால் ஆணுக்கு மாற்று இல்லை.

ஆனால் நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொதுக்கணக்கு பெரிதாகத் தோன்றவில்லை. "மூன்றாம் நாள் மஞ்சள், பால் குடிக்காது, கீச்சுக் குரல், முதுகு வளையும்." இதை வாசித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த குழந்தை முதுகு வளைந்து செத்தால் இரண்டு காரணத்தை நினைக்கவேண்டும். ஒன்று, சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்து வரும் ஜன்னி. அதில் தாடை இறுகும், தொட்டால் வெட்டி வெட்டி இழுக்கும், மஞ்சள் முக்கிய அடையாளமாக இருக்காது. இன்னொன்று, காமாலை மிஞ்சிப்போய் மூளையில் ஏறுவது. உன் அம்மா சொல்வது இரண்டாவதோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. எல்லாம் ஆண், பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மிஸ்ஸியும் முதலில் கேட்பது ஜி6பிடி குறைபாட்டைத்தான்.

அது ரத்தத்தில் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி. குறைவாக இருந்தால் சில பொருள்கள் பட்டதும் சிவப்பணு உடைந்துபோகும், காமாலை திடீரென்று ஏறும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடம் ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் பெரும்பாலும் தாய்க்கு ஒன்றும் தெரியாது. அவள் பெறும் ஆண்களில் பாதிப் பேருக்கு வர வாய்ப்பு.

உன் அம்மாவிடம் ஒன்று கேள். பாட்டி குழந்தைத் துணிகளை எதில் வைத்திருந்தார்? அந்துருண்டை, நம் பக்கம் பூச்சி உருண்டை என்போமே, அது போட்டு வைத்திருந்தாரா? ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு அந்துருண்டை வாசம் பிடித்த துணி விஷம் மாதிரி. வீட்டுக்குப் போகும்போது நான் முதலில் மோந்து பார்ப்பது அதைத்தான். கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்தால் தொட்டில் துணியை அங்கேயே அவிழ்க்கச் சொல்லிவிடுவேன்.

நான்காவது பையன் ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கில் போனது வேறு கதை. அது அந்தக் காலத்துத் தண்ணீரும் டின் பாலும். தாய் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகவேண்டும், பிள்ளை ஆயா கொட்டகையில். இனிப்புப் பாலை ஆற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளை தாங்கும்? டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் நின்று, இப்படி டின் பால் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். மருத்துவ வகுப்பில் அதைக் கேட்ட அன்று நான் என் தம்பியை நினைத்து அழுதேன்.

கிளினிக்கில் இதை அப்படியே சொல். நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்த்துவிடுவார்கள், எல்லாக் குழந்தைக்கும். குறைவு என்றால் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து மஞ்சளைக் கவனிப்பார்கள். ஏறினால் மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். அந்த விளக்கு வந்த கதையும் ஒரு மிஸ்ஸியிடமிருந்துதான். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், 1950-களின் நடுவில், ஒரு நர்ஸ் காமாலைக் குழந்தைகளை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோவார். போர்வை மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை டாக்டருக்குக் காட்டினார். 1958-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். அதற்காக நீ வீட்டில் வெயிலில் காட்டி வைத்தியம் செய்யாதே. அந்த வெயில் போதாது, நேரம்தான் போகும்.

வீட்டுக்கு வந்தபின் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் குழந்தையை வைத்து, நெற்றியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடு. விரல் பட்ட இடம் ஒரு நொடி வெளுக்கும். வெளுத்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. நெஞ்சு, வயிறு, கால் என்று கீழே இறங்க இறங்க அதிகம் என்று பொருள். நம் பிள்ளைகள் மாநிறம், பார்வையில் ஏமாந்துவிடலாம், அதனால் சந்தேகம் என்றாலே கிளினிக்குக்குப் போய்விடு. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விடு.

பெர்ஜுந்தாய் மகள்:

மிஸ்ஸி, ரொம்ப நன்றி. படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிக்குமுன்பே "தகரப் பெட்டி" என்றார். பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி. குழந்தைத் துணியெல்லாம் ஒரு பிரசவத்திலிருந்து அடுத்த பிரசவத்துக்கு அதில்தான் கிடக்குமாம். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாசம் என்றார். பெட்டி இப்போது சித்தி வீட்டில்.

இன்னொன்றும் தெரிந்தது. பெரியம்மா மகன், 1988-ல் பிறந்தவர், பிறந்தபோது பல நாள் விளக்கில் வைத்திருந்தார்களாம். பெரியம்மா அவரது பழைய கார்டைப் படம் எடுத்து அனுப்பினார். ஜி6பிடி குறைவு என்று பேனாவில் எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அப்படியானால் அது பாட்டியிடமிருந்துதானே வந்தது? ஊர் சொன்னது சரி என்றாகிவிடாதா? அம்மாவும் இதைத்தான் கேட்டார், கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

செம்பனைக்காரர்:

வயதில் பெரியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன் தங்கச்சி. எனக்கு 71. நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் பெண் பிள்ளை தானாகத் தங்கிவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். 1964, இரண்டு வயது. காய்ச்சலும் வாந்தியும். அப்பா அன்றைக்கு வெட்டுக்குப் போய்விட்டார், மறுநாளும் போனார். மூன்றாம் நாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு போனபோது கண் உள்ளே போயிருந்தது. அதற்கு முந்தின வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, அதே அப்பா அதே ராத்திரி கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுக் கதவைத் தட்டிக் கார் கேட்டு டவுனுக்குக் கொண்டுபோனார். எனக்கு அந்தக் காரின் பின்சீட்டு வாசம் ஞாபகம் இருக்கிறது. அவளுக்குக் கார் கேட்கவில்லை. அப்பா நல்லவர், எங்களை அடித்ததுகூட இல்லை. யாரும் அவளைச் சாகவிடவேண்டும் என்று நினைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அந்த "நாளைக்கு" பெண்ணுக்கு மட்டும்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுவைக் கொன்ற கொடுமை நடந்தது. அதைத் தடுக்கத்தான் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். நம் தோட்டத்தில் கள்ளிப்பால் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தாமதமும் பிள்ளையைக் கொல்லும். பாட்டியை ஊர் பேசிய பேச்சும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆண் செத்தால் தாய் மேல் பழி. என் தங்கச்சி செத்ததற்கு யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கணக்கு வாத்தியார்:

செம்பனைக்கார ஐயா எழுதியதை வகுப்பில் காட்டலாம் போலிருக்கிறது, அத்தனை சரி. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வுகள் பலமுறை காட்டியது இதுதான். முதல் மாதத்தில் ஆண் அதிகம் இறக்கிறது. ஒரு வயதிலிருந்து நாலு வயதுக்குள் பெண் அதிகம் இறக்கிறது. முதல் மாதத்தில் இயற்கையின் கை ஓங்கியிருக்கிறது. அப்புறம் யாருக்கு முட்டை, யாருக்கு டாக்டர் என்று வீடு முடிவு செய்யும் காலம். ஆணும் பெண்ணும் சமமாக இறக்கிற ஊரைப் பார்த்தால்கூட நான் சந்தேகப்படுவேன். சமமாகக் கவனித்தால் ஆண்தான் கொஞ்சம் கூடுதலாக இறக்கவேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். 15 வளர்ந்த நாடுகளின் பழைய பதிவுகளை வைத்து ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். 1750-களில் ஆண் சிசு இறப்பு பெண்ணைவிடப் பத்துச் சதவீதம் அளவுக்குக் கூடுதல். 1970 வாக்கில் அது முப்பதைத் தாண்டியது. அதன்பிறகு குறைந்தது. தொற்றுநோய் குறையக் குறைய, எஞ்சிய சாவெல்லாம் மாதம் முந்திய பிறப்பும் பிரசவச் சிக்கலுமாகிவிட்டது. அதில் ஆண்தான் அதிகம் சிக்கும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்து வாரம் முந்திப் பிறந்து மூச்சு விட முடியாமல் இரண்டே நாளில் இறந்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று வழி இல்லை. அப்புறம் முந்திப் பிரசவம் ஆகும்போல் தெரிந்தால் தாய்க்கு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் முறை 1972-ல் வந்தது.

மலாயாவில் 1957-ல் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1990-ல் சுமார் 13. பாட்டி பிள்ளை பெற்ற காலமும் நீங்கள் பெறப்போகும் காலமும் ஒன்றல்ல.

உங்களுக்கான கணக்கையும் போட்டுவிடுகிறேன். பெரியம்மா மகனுக்கு இருப்பதால் பாட்டி அதைச் சுமந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு வந்திருக்க இரண்டில் ஒன்று. உங்களுக்கு நாலில் ஒன்று. உங்கள் மகனுக்கு எட்டில் ஒன்று. எட்டில் ஏழு பங்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு பங்குக்கும் பிறந்தவுடன் பரிசோதனை காத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

வாத்தியார் கணக்கு சரி. உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் மா, ரெண்டு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது.

ஜி6பிடி குறைபாடு மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த தேசங்களில்தான் அதிகம். அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரளவு காத்ததால்தான் அந்த மரபணு இத்தனை தலைமுறை தங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பாட்டியும் அதை யாரிடமிருந்தோ வாங்கியவர்தான். அவர் அம்மாவோ, அப்பாவோ. அவர் செய்தது ஒன்றும் இல்லை. இந்தக் குறைபாட்டையே உலகம் கண்டுபிடித்தது 1956-ல். பாட்டி அப்போது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்து டிரஸ்ஸருக்கே தெரிந்திருக்காத ஒன்றை, இருபது வயதுப் பெண் எப்படித் தெரிந்துகொள்வாள்? இருந்த நல்ல துணியைப் பூச்சி அரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். பிள்ளைக்காகத்தான் வைத்திருந்தார். இதை உன் அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டு.

பெர்ஜுந்தாய் மகள்:

படித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் மாமியாரையும் உட்காரவைத்து மறுபடி படிக்கச் சொன்னார். மாமியார் முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டிலும் பூச்சி உருண்டை இருக்கே" என்று எழுந்துபோய் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டார்.

நேற்று கிளினிக்கில் சொன்னேன். மிஸ்ஸி என் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு, பெரியம்மா மகன் கார்டின் பிரதியையும் வாங்கி வைத்தார். மாமாவுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடலாம் என்றார். மாமா வெள்ளிக்கிழமை போகிறார்.

அரைஞாணைச் சித்தி கொண்டுவந்து கொடுத்தார், திருநீறு போட்டுத் துலக்கி. செம்புக் கண்ணி மட்டும் கறுத்தே இருக்கிறது. அது தகரப் பெட்டியில்தான் இத்தனை காலம் கிடந்தது, அந்தப் பழைய துணிகளும் இன்னும் உள்ளே இருக்கின்றன. அரைஞாணைக் குழந்தைக்குக் கட்டலாமா? துணிகளை எறிய அம்மாவுக்கு மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

வெள்ளியில் வாசம் நிற்காது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கட்டு. ஜி6பிடி முடிவு வந்தபிறகு கட்டினால் உனக்கும் நிம்மதி, பதினாறாம் நாளுக்குள் வந்துவிடும். துணியைத் துவைத்து, பல நாள் வெயிலில் போட்டு, அம்மாவே வைத்துக்கொள்ளட்டும். குழந்தை இருக்கிற அறையில் மட்டும் வேண்டாம். பெட்டியைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிடு.